நெய்தவள் பெயர் இல்லாத பாய்

பத்தமடைக் கல்யாணப் பாயில் இரண்டு பெயர்கள் இருக்கும், மணமகன் பெயரும் மணமகள் பெயரும். கீழே திருமண நாள் இருக்கும். கோரையைச் சாயத்தில் முக்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் இழைகளை எண்ணி எண்ணித் தூக்கி நெய்யப்பட்ட பெயர்கள் அவை. திருநெல்வேலிப் பக்கத்தில் சாதி, மத வேறுபாடில்லாமல் பல வீடுகளில் இந்தப் பாய் கல்யாணச் சீராகப் போயிருக்கிறது. என் அம்மாவின் பாய் இன்னும் பீரோவின் மேல்தட்டில் வெள்ளைத் துணி சுற்றி இருக்கிறது. உறவினர் வீடுகளிலும் தோழிகள் வீடுகளிலும் இப்படி எத்தனையோ பாய்களை விரித்துப் பார்த்திருக்கிறேன். நெய்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. வரலாறு படித்தவள் என்பதால் அந்த மூன்றாவது பெயரைத் தேடிப்போனேன். எந்தப் பதிவேட்டைப் புரட்டினால் அது கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அப்படியொரு பதிவேடு ஏன் இல்லாமல் போனது என்பது அதைவிடப் பெரிய கேள்வியாக வந்து நின்றது.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்கு முன்னால் வரும் சிறிய பேரூர் பத்தமடை. தாமிரபரணியின் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் பூமி. பத்து மடைகள் இருந்ததால் பத்தமடை என்று ஊர்க்காரர்கள் பெயருக்குக் காரணம் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் இரண்டு காரணங்களால் தெரியும். ஒன்று, ரிஷிகேசத்தில் ஆசிரமம் நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது இங்கேதான். இன்னொன்று பாய். முதலாவதற்கு ஒரு பெயரும் பிறந்த ஆண்டும் வாழ்க்கை வரலாறும் இருக்கின்றன. இரண்டாவதற்கு ஊர்ப் பெயர் மட்டுமே உண்டு.

பாய்க்கும் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. ஹசன் பாவா லெப்பை என்பவர், கோரையைப் பல நாள் தண்ணீரில் ஊறவைத்தால் அதை மயிரிழைபோலக் கிழிக்கலாம் என்று கண்டுபிடித்தாராம். அதிலிருந்துதான் பட்டுத்துணி மாதிரி மடியும் நேர்த்தியான பாய் பிறந்ததாம். 1953இல் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது என்பது அடுத்த அத்தியாயம். 2012-13இல் ‘பத்தமடைப் பாய்’ புவிசார் குறியீடு பெற்றது மூன்றாவது அத்தியாயம். கண்டுபிடித்த ஆண், பரிசு பெற்ற ராணி, சான்றிதழ் தந்த அரசு. பாரம்பரியம் பற்றிய கட்டுரைகளிலும் கண்காட்சி அட்டைகளிலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான். இந்தக் கதையில் ஒரு பெண்ணின் பெயர் வருகிறது என்றால் அது பாயைப் பெற்றுக்கொண்டவரின் பெயர்.

பாய் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி விரிகிறது. கோரை ஆற்றோரத்திலும் ஈரமான சதுப்பிலும் வளரும் புல். பச்சையாக இருக்கும்போதே அறுத்து, கீறி, வெயிலில் காயவைக்க வேண்டும். நேர்த்திப் பாய்க்கான கோரையை ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட வேண்டும். அது உப்பி மெத்தென்று ஆனதும் மறுபடி காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழிக்க வேண்டும். பிறகு சாயம் போடுதல். முன்பு மரக்கட்டையிலிருந்து எடுத்த சிவப்பு, இப்போது பெரும்பாலும் கடைச் சாயம். அதன்பின் தரையை ஒட்டித் தாழ்வாகக் கட்டிய தறியில் பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக இழுத்துக் கட்டப்படும். கோரை இழையை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்தி, அச்சால் இறுக்கித் தட்ட வேண்டும். பாவின் நெருக்கத்தை எண்ணிக்கையில் சொல்வார்கள். சாதாரணப் பாய்க்கு அது குறைவு. பட்டுப்பாய்க்கு 100, 120, 140 என்று ஏறும். எண் ஏற ஏறக் கோரை மெலிய வேண்டும், கை நிதானிக்க வேண்டும், கண் கூர்மையாக வேண்டும். முரட்டுப் பாயைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நேர்த்தியான ஒன்றுக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

இந்த வேலைகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்துவந்தவர்கள் பத்தமடையின் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். ஆனால் விலை பேசும்போது கணக்கில் வருவது நெய்து முடித்த பாய் மட்டும்தான். கிழித்த நேரம், காயவைத்த நேரம், மழை வந்தால் ஓடிப்போய் அள்ளிய நேரம், தப்பாகப் போன ஓர் எழுத்துக்காகப் பிரித்த நேரம் எதற்கும் தனிக் கூலி கிடையாது. இடையில் சோறு பொங்கியதும் பிள்ளைக்குப் பால் கொடுத்ததும் சொல்லவே வேண்டாம்.

தறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு லாத்தாவிடம் “என்ன வேலை பாக்கீய?” என்று கேட்டுப் பாருங்கள். “வேலையா? சும்மா வீட்லதாம்மா இருக்கேன்” என்பார். கை அப்போதும் கோரையைக் கோத்துக்கொண்டிருக்கும். இந்த ‘சும்மா’ தமிழ்ப் பெண்களின் உழைப்பு வரலாற்றில் மிகவும் விலை கொடுத்த சொல். கதவருகே நின்று குறிப்பெடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளரும் அதே சொல்லைக் கேட்டு, அதையே எழுதிக்கொண்டு போகிறார். 1961 கணக்கெடுப்பு ‘வீட்டுத் தொழில்’ என்று ஒரு தனி வகையைக் கொண்டுவந்தது. 1981இல் முதன்மை உழைப்பாளர், குறுகிய கால உழைப்பாளர் என்ற பிரிவினை வந்தது. ஆண்டில் ஆறு மாதம் வேலை செய்தவர் முதன்மை உழைப்பாளர். தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது ஆறு மாதத்தை எப்படி எண்ணுவது? படிவத்தில் இடம் இருந்தாலும் பெண் அதில் ஏறுவதற்குக் கேட்பவரும் சொல்பவரும் அதை வேலை என்று நம்ப வேண்டும்.

இதே ஆற்றின் மேற்பகுதியில் நடந்ததை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில், நீரின் வேகத்தை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் பஞ்சாலை தொடங்கினார்கள். விக்கிரமசிங்கபுரம் ஆலை ஊராக வளர்ந்தது. தூத்துக்குடியில் அதே நிறுவனத்தாரின் கோரல் ஆலையில் 1908 பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தம் வெடித்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். மார்ச் தொடக்கத்தில் கூலி உயர்வோடு அது முடிந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றை எழுதும் எவரும் அந்த நாட்களைத் தாண்டிப் போக முடியாது.

ஆலைக்குச் சங்கு உண்டு. வருகைப் பதிவேடு, கூலிப் பட்டியல், சட்டம் எல்லாம் உண்டு. 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 1891இல் பெண்களின் வேலை நேரம் நாளுக்கு 11 மணி என்று வரையறுக்கப்பட்டது. இந்தச் சட்டங்கள் போதுமானவை அல்ல, பல நேரம் காகிதத்திலேயே நின்றன. ஆனாலும் ஒரு சட்டம் இருந்தால் அதை மீறியதாகவாவது ஒருவர்மேல் குற்றம் சாட்டலாம். பத்தமடை வீட்டுத் திண்ணைக்கும் உள்ளறைக்கும் எந்த மணிக்கணக்கும் வரவில்லை. ஒரே ஆற்றின் தண்ணீர் மேலே ஆலையை ஓட்டியது, கீழே கோரையை ஊறவைத்தது. முதலாவதைத் தொழில் என்றும் இரண்டாவதைக் கைவினை என்றும் அழைத்தோம். தொழில் செய்பவருக்கு முதலாளி இருப்பார், கோரிக்கை இருக்கும், வேலைநிறுத்தம் செய்ய முடியும். கைவினைக்கு நாம் வைத்திருப்பது பாராட்டு மட்டும்.

‘கோஷாப் பெண்கள் வெளியே போக முடியாது, அதனால் வீட்டிலிருந்து நெய்தார்கள்’ என்ற விளக்கம் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. வெளியே போகாத பெண்ணுக்குக் கோரை வாங்கித் தருபவர், சாயம் கொண்டுவருபவர், பாயைத் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் கொண்டுபோய் விற்பவர் எல்லோரும் வெளியே போகக்கூடியவர்கள். சந்தையில் பாய் என்ன விலைக்குப் போகிறது என்பது நெய்பவருக்குத் தெரியாமல் இருப்பதில் லாபம் யாருக்கோ இருக்கிறது. தறி வீட்டுக்குள் இருப்பதால் இடவாடகை இல்லை, விளக்குச் செலவு இல்லை, வேலை இல்லாத மாதத்தில் கூலி தரவேண்டிய கட்டாயமும் இல்லை. வீட்டுக்குள் உழைக்கும் முறையை மதமும் வழக்கமும் மட்டும் காப்பாற்றவில்லை. அந்த ஏற்பாட்டின் மலிவும் சேர்ந்தே காப்பாற்றியது. காரணத்தை முஸ்லிம் பெண்ணின் முக்காட்டில் மட்டும் தேடுகிறவர்கள் வியாபாரக் கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே லூட்டன் என்று ஒரு சந்தை ஊர். பின்னாளில் மோட்டார் தொழிற்சாலையால் பெயர் பெற்றாலும் 19ஆம் நூற்றாண்டில் அது தொப்பி ஊர். அங்கே நமது கோரையின் இடத்தில் இருந்தது கோதுமை வைக்கோல். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளும் வைக்கோலைப் பின்னி நாடாவாக்கினார்கள். அந்த நாடாவைத் தைத்துத் தொப்பி செய்தார்கள். வைக்கோலை நீளவாக்கில் கீற்றாகப் பிளக்கும் ஒரு சின்னக் கருவி 1800 வாக்கில் புழக்கத்துக்கு வந்தபோது நாடா மெலிந்தது, நேர்த்தி கூடியது. கோரையைக் கிழிக்கும் கதையேதான். பின்னல் கற்றுத்தரும் பள்ளி என்ற பெயரில் சிறு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வேலை வாங்கினார்கள். பின்னிச் சம்பாதிக்கும் பெண்கள் வீட்டு வேலையில் அக்கறை இல்லாதவர்கள் என்று அந்தக் காலத்துக் கனவான்கள் குறைபட்டுக்கொண்டார்கள். கூலி வாங்கும் பெண்ணைப் பற்றிய குறை எல்லாத் தேசத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆனால் லூட்டனுக்கும் பத்தமடைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்தப் பகுதியின் 19ஆம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்கேடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களின் பெயருக்கு நேரே ‘வைக்கோல் பின்னுபவர்’ என்று எழுதியிருக்கிறது. மனைவி, விதவை, மகள் என்று வீட்டுக்குள் இருந்தவர்கள்தான் அவர்கள். 1870களுக்குப் பிறகு சீனாவிலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து இறங்கியது. உள்ளூர்ப் பின்னல் தொழில் சரிந்தது. தொழில் போனாலும் பெயர்கள் தங்கின. இன்று அந்த ஊரில் ஒருத்தி தன் கொள்ளுப்பாட்டியின் பெயரையும் வேலையையும் ஒரே வரியில் படிக்க முடியும். பத்தமடைப் பெண்ணின் பேத்திக்கு அந்த ஒரு வரி கிடைப்பது அரிது.

தூர தேசத்துக்குப் போகாமலே இன்னொரு ஒப்பீடு செய்யலாம். நம் வட்டாரத்திலேயே மேலப்பாளையம் தொடங்கி முக்கூடல், ஆலங்குளம், தென்காசிவரை பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். முறத்தை மடியில் வைத்து இலை வெட்டுவதும் தூள் நிரப்புவதும் கட்டு கட்டுவதும் வீட்டு வேலைக்கு நடுவேதான் நடக்கின்றன. ஆனால் 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என்று வரையறுத்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976இல் சேமநல நிதிச் சட்டமும் 1977இல் வருங்கால வைப்புநிதியும் வந்தன. பீடி ஒன்றும் சுகமான தொழில் அல்ல. புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்குகிறது, கூலி குறைவு, கழிவு என்று சொல்லித் திருப்பித் தரப்படும் பீடிக்குப் பணம் இல்லை. இருந்தும் பாஸ்புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. பிள்ளை படிப்புக்கு உதவித்தொகை கேட்கவும் ஓய்வூதியம் கேட்கவும் அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

பாய் நெய்தவளுக்கு அப்படி எடுத்துப்போக ஒன்றும் இல்லை. அழகு குறைந்த, உடம்பைக் கெடுக்கிற பீடியில் கிடைத்த அங்கீகாரம், அழகு நிறைந்த பாயில் ஏன் கிடைக்கவில்லை? பீடிப் பெண்களைச் சட்டம் தொழிலாளர் என்று பார்த்தது, அவர்களுக்காகச் சங்கங்கள் போராடின. பாய்ப் பெண்களை எல்லோரும் கலைஞர் என்று புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர் யாரும் கூலிக்குப் பொறுப்பு ஏற்கவில்லை.

தொழில் சுருங்கிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் பாய் வந்தது. இயந்திரத் தறியில் நெய்த கோரைப்பாய் வந்தது. ஆற்றோரக் கோரை குறைந்து, காவிரிக்கரைக் கோரையை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. மகள்கள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். இதைப் பார்த்து ‘கலை அழிகிறதே’ என்று வருந்துகிறவர்கள் நிறைய. எனக்கு அந்த வருத்தம் முழுதாக வருவதில்லை. முதுகும் முழங்காலும் கண்ணும் தேய்ந்த ஒரு தாய், தன் மகள் தறியில் உட்கார வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் வரலாற்றில் ஒரு பெண் எடுத்த முடிவுதான். அவளைப் பாரம்பரியத்தின் காவலாளி ஆக்கி மறுபடி தரையில் உட்காரவைக்க நமக்கு உரிமை இல்லை. நெய்ய விரும்புகிறவர்கள் நியாயமான விலைக்கு நெய்யட்டும். மற்றவர்கள் எழுந்து போகட்டும். எழுந்து போகும்போது இதுவரை செய்த வேலைக்கான பெயராவது அவர்களோடு போக வேண்டும்.

அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. புவிசார் குறியீடு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்படுகிறது. அதன் பதிவேட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ‘அ’ பகுதியில் குறியீட்டின் உரிமையாளராகப் பதிவு செய்த அமைப்பு இருக்கும். ‘ஆ’ பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள், அதாவது பொருளை உண்மையில் உற்பத்தி செய்பவர்கள் தம் பெயரைத் தனித்தனியாகப் பதியலாம். பெண்கள் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் நெய்பவர்களை அந்த இரண்டாம் பகுதியில் ஏற்ற முன்வந்தால், நான் தேடிய பதிவேடு அதுவாகவே இருக்க முடியும். படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி கூட உட்கார்ந்தால் போதும்.

எதிர்த்திசையில் இழுக்கும் விதிகளையும் கவனிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் பாய் முடைவதும் ஒரு தொழிலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே பதிவு என்பது அதன் விதி. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது குடும்பம். குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்ற காரணத்தால் தமிழ்நாடு அரசு 2024இல் அத்திட்டத்தை அதன் அன்றைய வடிவில் ஏற்க மறுத்தது. அந்த விவாதத்தில் ‘ஒரு குடும்பத்துக்கு ஒருவர்’ என்ற விதி பெரிதாகப் பேசப்படவில்லை. மனைவி நெய்து கணவன் விற்கும் வீட்டில் யார் பெயர் எழுதப்படும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. உலக அளவில், வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கு மற்றத் தொழிலாளர்களுக்கு இணையான உரிமை வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. எலா பட் தலைமையிலான குழு 1988இல் தந்த ‘ஷ்ரம் சக்தி’ அறிக்கை, அதற்கு முன்பே இந்தப் பெண்களைப் பற்றி விரிவாகச் சொல்லியிருந்தது.

வரலாறு படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடாதீர்கள். நெய்து ஓய்ந்த பெரியம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரிடம் கற்றார்கள், முதல் பாய்க்கு என்ன கூலி, கோரை யார் கொடுத்தது, எந்த ஆண்டு நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் எழுதுங்கள். ‘சும்மா இருந்தேன்’ என்று தொடங்குவார்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கல்யாணப் பாய் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் இன்னொன்றையும் பேசலாம். ஓரத்தில், கரைக்கு உள்ளே, மூன்றாவதாக ஒரு பெயர் நெய்ய இடம் உண்டு. அதற்கு ஆகும் கூடுதல் நாட்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.